ரேடியேட்டர் வேலைக்கு முன் ஹீட்டிங் தண்ணீரை வடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரைக் கழற்றி மாட்டுவது பெரிய வேலை இல்லை. அதற்கு முன் குழாய்களில் நிற்கும் தண்ணீரைச் சிந்தாமல், மிச்சம் வைக்காமல் வெளியே கொண்டுபோவதில்தான் நேரமும் கவனமும் போகும். அந்தத் தண்ணீர் வருடக்கணக்கில் உள்ளேயே சுற்றுவது. ரேடியேட்டரின் இரும்பு மெல்ல அரித்து, மேக்னடைட் என்ற கறுப்பு ஆக்சைடாக அதில் கலந்திருக்கும். கம்பளத்தில் ஒரு குவளை சிந்தினால்கூடக் கறை போகாது. அதனால் ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

முதலில்: வடிக்கத்தான் வேண்டுமா?

சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஒரு ரேடியேட்டரை மட்டும் கழற்றுகிறீர்கள் என்றால், வீட்டுத் தண்ணீர் முழுவதையும் வடிக்கத் தேவையில்லை. அதன் இரண்டு பக்கமும் உள்ள வால்வுகளை மூடிவிட்டு, அந்த ஒரு ரேடியேட்டரை மட்டும் காலி செய்தால் போதும். பழைய ரேடியேட்டர் இருந்த இடத்தில் அதே அகலத்தில் புதியதை மாட்டுவதற்கும் இதுவே போதும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. ஒரு பக்கத்தில் இருப்பது அறையின் சூட்டுக்கேற்பத் தானாகத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வு என்றால், அதன் தலையை உறைபனிக் குறிக்குத் (மிகக் குறைந்த நிலைக்கு) திருப்புவதை மூடியதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அறை நன்றாகக் குளிர்ந்தால் அது தானாகத் திறந்துகொள்ளும். ரேடியேட்டர் இல்லாத நேரத்தில் அப்படித் திறந்தால் தரையெல்லாம் கறுப்புத் தண்ணீர்தான். தலையைக் கழற்றிவிட்டு, வால்வோடு வந்த கையால் திருகும் மூடியைப் போட்டு இறுக்க வேண்டும். வெளிவாயிலும் ஒரு அடைப்பு மூடியைத் திருகிவிடுங்கள்.

வால்வையே மாற்ற வேண்டும், குழாயை வெட்ட வேண்டும், ரேடியேட்டரை இடம் மாற்ற வேண்டும், அல்லது இருக்கிற வால்வு மூடினாலும் சொட்டுகிறது என்றால் வடிப்பதைத் தவிர வழியில்லை. அப்போதும் முழுவதும் வடிக்க வேண்டும் என்பதில்லை. வேலை மாடி ரேடியேட்டரில் என்றால் நீர்மட்டம் அந்த வால்வுக்குக் கீழே இறங்கினால் போதும். ஆனாலும் அரைகுறையாக வடித்துவிட்டுக் கீழ்த்தள வால்வில் கை வைக்காதீர்கள்.

தேவையில்லாமல் வடிக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பழைய தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் ஏற்கனவே தீர்ந்துபோயிருக்கும். புதுத் தண்ணீர் ஊற்றும்போது புது ஆக்சிஜனும் வருகிறது, துருவும் மறுபடி தொடங்குகிறது. ஆகவே வடித்தால் துரு தடுப்பு மருந்தையும் மறுபடி சேர்த்தே ஆக வேண்டும்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

பாய்லரிலோ அதன் அருகிலோ பிரஷர் கேஜ் இருந்து, குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை காட்டினால் அது மூடிய அமைப்பு. பரணில் ஒரு சின்னத் தொட்டி, அதில் மிதவை வால்வு, தொட்டிக்கு மேல் வளைந்து நிற்கும் ஒரு திறந்த குழாய் என்று இருந்தால் அது திறந்த அமைப்பு. பரணில் இரண்டு தொட்டிகள் இருக்கலாம். பெரியது குளியலறைக்கும் மற்றக் குழாய்களுக்கும் போவது, சின்னதுதான் ஹீட்டிங்குடையது.

அடுக்குமாடியில் எல்லா வீடுகளுக்கும் ஒரே பாய்லரிலிருந்து வெந்நீர் வருகிறது என்றால் நீங்களாக வடிக்கவே முடியாது. கட்டட நிர்வாகத்திடம் சொல்லி, அவர்கள் அந்தக் கிளையை மூடிக் கொடுத்த பிறகுதான் வேலை.

விறகு அல்லது நிலக்கரி அடுப்பின் பின்னால் பாய்லர் பதித்திருக்கும் வீடுகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. நெருப்பு முழுவதும் அணைந்து, சாம்பலும் ஆறிய பிறகுதான் தொட வேண்டும். சூடாக இருக்கும்போது தண்ணீரை எடுத்துவிட்டால் மிச்சமுள்ளது ஆவியாகிப் பாய்லரே வெடிக்கலாம். காலியான அமைப்போடு அந்த அடுப்பைப் பற்றவைக்கவும் கூடாது.

டிரெயின் காக்கைத் தேடுவது

பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். டிரெயின் காக் என்பது தண்ணீரை வெளியே விடத் திறக்கும் சின்னப் பித்தளைத் துண்டு. ஹோஸ் மாட்ட வசதியாக வரிவரியான மூக்கு, பக்கத்தில் ஸ்பேனரால் திருகச் சதுரத் தலை. இது அமைப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். கீழ்த்தள ரேடியேட்டர்களின் வால்வுக்கு அடியில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டரில், பாய்லருக்குக் கீழே, சில வீடுகளில் வெளிச்சுவரில் கூடப் பாருங்கள். லாக்‌ஷீல்டு வால்வின் (ரேடியேட்டரின் ஒரு முனையில் மூடி போட்டிருக்கும், தண்ணீர் ஓட்டத்தைச் சமன்படுத்தும் வால்வு) உடம்பிலேயே சேர்ந்து வருவதும் உண்டு.

வெந்நீர் சிலிண்டரின் அடியிலும் இதே போன்ற ஒரு காக் இருக்கும். அது குளிக்கும் தண்ணீருக்கானது. ஹீட்டிங் தண்ணீர் சிலிண்டருக்குள் ஒரு சுருள் குழாயில் தனியாகத்தான் ஓடுகிறது. சிலிண்டரை வடித்தால் ரேடியேட்டர்கள் நிரம்பியபடியே இருக்கும், குளிக்கும் தண்ணீர் மட்டும் வீணாகும்.

கீழ்த்தளம் கான்கிரீட் தரையாக இருந்தால் குழாய்கள் மாடித் தரைக்கடியில் ஓடி, ஒவ்வொரு ரேடியேட்டருக்கும் மேலிருந்து இறங்கி வரும். அப்படி இறங்கும் ஒவ்வொரு குழாய் இணையும் தனித்தனிக் குழி போன்றது. ஒரு இடத்தில் வடித்தால் இன்னொன்றில் தண்ணீர் தங்கிவிடும். இவ்வகை வீடுகளில் கீழ்த்தள ரேடியேட்டர் ஒவ்வொன்றிலும் டிரெயின் காக் இருக்க வேண்டும். இல்லாததை வால்வின் நட்டு வழியாகத்தான் காலி செய்ய வேண்டும்.

எங்கு தேடியும் டிரெயின் காக் இல்லையா? கீழ்த்தளத்தில் எளிதாக எட்டும் ஒரு ரேடியேட்டரின் இரு வால்வுகளையும் மூடி, தட்டு வைத்து அதை மட்டும் காலி செய்யுங்கள். பிறகு குழாய்ப் பக்கத்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பாத்திரத்தில் பிடிக்கலாம். நேரம் எடுக்கும், நடக்கும். வேலை முடிவதற்குள் அங்கே ஒரு டிரெயின் காக்கைப் பொருத்திவிடுங்கள்.

வேண்டிய பொருள்கள்

வடிகால் வரை எட்டும் தோட்டத்து ஹோஸ், அதை இறுக்க ஹோஸ் கிளிப், டிரெயின் காக்கின் சதுரத் தலைக்கு ஏற்ற ஸ்பேனர், பெரிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் இரண்டு, பிளீட் சாவி (ரேடியேட்டரின் மேல்முனையில் காற்றை விடும் பிளீட் வால்வைத் திறப்பது), இரண்டு மூன்று தட்டையான தட்டுகள், வாளி, பழைய துணிகள், பிளாஸ்டிக் விரிப்பு. டிரெயின் காக்கின் வாஷர் ஒன்றை முன்பே வாங்கி வையுங்கள். பழையது பெரும்பாலும் கல் போல் இறுகியிருக்கும். தண்ணீரை உறிஞ்சும் வேக்குவம் கிளீனர் கிடைத்தால் கடைசியில் மிகவும் உதவும்.

அணைப்பது, ஆற விடுவது

தெர்மோஸ்டாட்டைக் குறைத்தால் மட்டும் போதாது. பல பாய்லர்களில் உறைபனித் தற்காப்பு உண்டு. அது பம்பையும் பாய்லரையும் தானாக ஓட்டிவிடும். எனவே மின் இணைப்பையே சுவிட்சில் துண்டித்து, யாரும் போடாதபடி அதன் மேல் ஒரு காகிதம் ஒட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் பாய்லர் எரிந்தால் உள்ளிருக்கும் வெப்பப் பரிமாற்றி கெட்டுப்போகும்.

மின்சாரத்தை நிறுத்துமுன் ஒரு வேலை இருக்கிறது. வெந்நீர் சிலிண்டர் உள்ள வீடுகளில், குழாயின் நடுவே மோட்டார் வைத்த பெட்டி போன்ற வால்வுகள் இருக்கும். மின்சாரம் போனதும் அவை ஸ்பிரிங்கால் மூடிக்கொண்டு, அந்தப் பக்கத்துத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெட்டியின் ஓரத்தில் உள்ள சின்ன நெம்பை இழுத்துக் கைத்திறப்பு நிலையில் மாட்டி வையுங்கள். இது மறக்கப்படும்போதுதான் "முழுவதும் வடித்துவிட்டேன், ஆனாலும் குழாயை வெட்டியதும் தண்ணீர் கொட்டுகிறது" என்ற கதை வருகிறது.

பிறகு ஆற விடுங்கள். சில மணி நேரம் ஆகும். முதல் நாள் இரவே அணைத்துவிட்டால் நிம்மதி. சூடான தண்ணீர் கையைச் சுடும் என்பது ஒருபுறம், ஹோஸும் இளகிக் காக்கிலிருந்து நழுவிவிடும்.

உள்ளே வரும் தண்ணீரை நிறுத்துவது

மூடிய அமைப்பில் தண்ணீர் ஊற்றுவது ஃபில்லிங் லூப் என்ற பின்னல் குழாய். அதன் இரு முனை வால்வுகளும் மூடியிருக்கின்றனவா பாருங்கள். முடிந்தால் குழாயையே கழற்றிவிடுங்கள். சில பாய்லர்களில் இது உள்ளேயே சாவி அல்லது நெம்பாக இருக்கும்.

திறந்த அமைப்பில் பரணில் ஏறி, சின்னத் தொட்டிக்கு வரும் குழாயின் வால்வை மூடுங்கள். வால்வு இல்லை என்றால், தொட்டியின் குறுக்கே ஒரு கட்டையை வைத்து மிதவையின் கையை அதோடு உயர்த்திக் கட்டலாம். தொட்டியின் அடியில் கசடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் தண்ணீர் இறங்கத் தொடங்குமுன் குவளையால் மொண்டு, துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அத்தனையும் குழாய்க்குள் இறங்கி எங்கேயாவது அடைக்கும்.

மணிக்கணக்கில் ஓடியும் நீரோட்டம் குறையவில்லையா? எங்கோ ஒரு வழி இன்னும் திறந்திருக்கிறது. திரும்ப வந்து இதைப் பாருங்கள்.

ஹோஸ் மாட்டுவது

ஹோஸைக் காக்கின் மூக்கில் நன்றாக ஏற்றிக் கிளிப்பால் இறுக்குங்கள். அடியில் தட்டு, அதைச் சுற்றித் துணி. பழைய காக்குகளில் பல, திறந்ததும் சதுரத் தலையைச் சுற்றியே கசியும். அது அந்த வகையின் இயல்பு, பதறத் தேவையில்லை. தட்டு மட்டும் இருக்க வேண்டும்.

ஹோஸின் மறுமுனை காக்கைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வழியில் எங்கும் உயர்ந்து தாழாமல், மடங்காமல் போகட்டும். வீட்டுக் கழிவுநீர்ச் சாக்கடையில் விடுங்கள். மழைநீர் வடிகால், செடிகள், குளம் இவை வேண்டாம், தண்ணீரில் ரசாயனம் இருக்கிறது. ஹோஸின் முனை கழிவுநீரில் மூழ்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நிலவறையில் காக் இருந்து வெளியே உயரம் அதிகம் என்றால் வாளியில் பிடித்து ஊற்றலாம், அல்லது சின்ன பம்ப் வைக்கலாம்.

இப்போது எல்லா ரேடியேட்டர்களின் வால்வுகளையும் முழுவதும் திறக்க வேண்டும். லாக்‌ஷீல்டைத் திறக்குமுன் ஒவ்வொன்றையும் மெதுவாக மூடி, எத்தனை சுற்று என்று எண்ணி, அறையின் பெயரோடு எழுதிவையுங்கள். வீட்டின் எல்லா அறைகளுக்கும் சூடு சமமாகப் போவது அந்தச் சுற்றுகளில்தான் இருக்கிறது. எழுதிவைக்காவிட்டால் பிறகு ஒரு நாள் முழுவதும் சமன்படுத்தும் வேலை.

திறப்பதும் காற்றை விடுவதும்

டிரெயின் காக்கை இடப்பக்கமாக மெல்லத் திருகுங்கள். தண்ணீர் வந்ததும் நிறுத்திவிடலாம். தலையை முழுவதும் கழற்றிவிட்டால் திரும்ப மாட்டுவதற்குள் அறை நனைந்துவிடும். மூடிய அமைப்பில் முதலில் வேகமாகப் பாயும், கேஜ் சடசடவென்று இறங்கும், 0 ஆனதும் ஓட்டம் நின்றே போகும். காலியாகிவிட்டது என்று இங்கே நினைத்துவிடக்கூடாது.

உறிஞ்சுகுழலில் பானத்தை எடுத்து மேல்முனையை விரலால் மூடினால் கீழே ஒரு சொட்டும் விழாதே, அதே கதைதான் இங்கும். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும். மாடி வீட்டின் உயரம் அதைவிட எவ்வளவோ குறைவு. மேலே காற்று நுழைய வழியில்லாதவரை மாடி ரேடியேட்டர்களில் தண்ணீர் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், கேஜும் 0 என்றே காட்டும். இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: தண்ணீர் வெளியேறுவது, காற்று உள்ளே போகும் அளவுக்குத்தான்.

ஆகவே கேஜ் 0 ஆனதும் மாடிக்குப் போய், மிக உயரத்தில் உள்ள ரேடியேட்டரின் பிளீட் வால்வைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால் கீழே ஹோஸில் தண்ணீர் மறுபடி ஓடும். சத்தத்துக்குப் பதில் தண்ணீர் சொட்டினால் உடனே மூடிவிட்டுக் காத்திருங்கள், அங்கே இன்னும் அழுத்தம் இருக்கிறது. எதற்கும் ஒரு துணியை அடியில் பிடியுங்கள். அழுத்தம் இருக்கும்போது அவசரப்பட்டுத் திறந்தால் சுவரெல்லாம் கறுப்புக் கோடு.

மாடியில் உள்ளவை எல்லாம் திறந்ததும், ஓட்டம் தளரும்போது கீழ்த்தளத்துக்கு இறங்கி ஒவ்வொன்றாகத் திறக்கலாம். திறந்த அமைப்பில் முதலில் பரண் தொட்டி காலியாகும், அதன் வழியாகவே காற்று நுழையும். தொட்டி காலியான பிறகு மாடிப் பிளீட் வால்வுகளைத் திறங்கள். வரிசை இரண்டு வகைக்கும் ஒன்றுதான், மேலிருந்து கீழ்.

பிளீட் வால்வு வழியாக வாயு வெளியே வந்தால் அருகில் நெருப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம். உள்ளே துருப்பிடிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகித் தேங்கியிருக்கலாம், அது தீப்பிடிக்கும்.

எவ்வளவு நேரம்? எட்டு முதல் பத்து ரேடியேட்டர்கள் உள்ள வீட்டில் ஏறக்குறைய 100 லிட்டர் இருக்கும். வார்ப்பிரும்பு ரேடியேட்டர் என்றால் இன்னும் அதிகம். நல்ல ஓட்டம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியலாம். மெல்லிய குழாய்கள் போட்ட வீட்டில் அதைவிட நீளும்.

ஓட்டம் நடுவில் நின்றால்

காற்று போகிறது, ஆனாலும் தண்ணீர் வரவில்லை என்றால் காக் அடைத்திருக்கிறது. காக்கை மூடி, ஹோஸைக் கழற்றி, வாளியை வைத்துக்கொண்டு, மறுபடி கொஞ்சம் திறந்து மூக்குக்குள் மெல்லிய கம்பியைவிட்டுக் கசடைக் கிளறுங்கள். சில நேரம் தலை திருகினாலும் உள்ளே வாஷர் ஒட்டிக்கொண்டு வழியை மூடியே வைத்திருக்கும். காக்கின் உடம்பை ஸ்பேனரின் பிடியால் மென்மையாகத் தட்டினால் விட்டுவிடுவது உண்டு. பலமாக அடிக்காதீர்கள், பின்னால் இருப்பது செம்புக் குழாய்.

ஒரு ரேடியேட்டர் மட்டும் காலியாகவில்லை என்றால் அதன் தெர்மோஸ்டாட் வால்வின் ஊசி மூடிய நிலையில் சிக்கியிருக்கலாம். தலையைக் கழற்றி ஊசியை அழுத்திப் பாருங்கள், விட்டதும் மேலே வர வேண்டும். வராவிட்டால் பக்கவாட்டில் மெல்லத் தட்டுங்கள். ஊசியைப் பிடித்து இழுக்க வேண்டாம், கழன்று வந்துவிடும்.

காலியாகிவிட்டதா என்று எப்படி நம்புவது

எல்லாப் பிளீட் வால்வும் திறந்திருக்கிறது, எதிலும் சொட்டு இல்லை, ஹோஸும் நின்றுவிட்டது. இப்போதும் ரேடியேட்டரின் அடியில், வால்வு மட்டத்துக்குக் கீழே கொஞ்சம் தண்ணீரும் கசடும் தங்கியே இருக்கும். அதுவே மிகக் கறுப்பானது.

வேலை செய்யப்போகும் ரேடியேட்டரின் அடியில் தட்டு வைத்து, வால்வின் உடம்பை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இணைப்பு நட்டை இன்னொன்றால் அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். வால்வைப் பிடிக்காமல் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக வந்து குறைந்தால் சரி. சீரான ஓட்டமாக வந்தால் நட்டை உடனே இறுக்கிவிட்டு எங்கே தண்ணீர் நிற்கிறது என்று தேடுங்கள். இந்த அரைச் சுற்றுச் சோதனையை நான் ஒருபோதும் விடுவதில்லை, நீங்களும் விடாதீர்கள்.

கழற்றிய ரேடியேட்டரைத் தூக்கும்போது வாய்களை அடைத்து, நிமிர்த்தியபடியே வெளியே கொண்டுபோங்கள். பெரியதற்கு இரண்டு பேர் வேண்டும்.

காலியாக இருக்கும்போதே

டிரெயின் காக்கின் வாஷரை மாற்றுங்கள். மூடிய அமைப்பில், சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் விரிவுக் கலத்தின் காற்றழுத்தத்தைச் சரிபார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. டயருக்குப் பயன்படும் கேஜே போதும். பொதுவாக 0.75 முதல் 1 பார் வரை இருக்கும், சரியான எண் கலத்தின் மேல் எழுதியிருக்கும். அதன் வாய் பாய்லர் மூடிக்குள் இருந்தால் நீங்கள் திறக்க வேண்டாம். கேஸ் பாய்லரின் உறையைத் திறப்பது உரிமம் உள்ளவரின் வேலை.

வடிந்த தண்ணீர் மை போல் இருந்திருந்தால், ஒருமுறை வெறும் தண்ணீர் நிரப்பி, தெளியும்வரை மறுபடி வடித்துவிடுங்கள். கடும் குளிர்காலத்தில் இந்த இடைவெளியை நீட்டாதீர்கள். தாழ்ந்த குழாய்களில் தங்கிய தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும்.

மறுபடி நிரப்புவது

காக்கை மூடுங்கள், எல்லாப் பிளீட் வால்வுகளையும் மூடுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் அந்த அறை நனையும், ஆகவே அறை அறையாகப் போய்ப் பாருங்கள். துரு தடுப்பு மருந்தைத் திறந்த அமைப்பில் பரண் தொட்டியில் ஊற்றலாம். மூடிய அமைப்பில், காலி ரேடியேட்டரின் மேல் அடைப்பைக் கழற்றி அதன் வழியாக ஊற்றுவது எளிது. அளவு புட்டியிலேயே எழுதியிருக்கும்.

மெதுவாக நிரப்புங்கள். வேகமாக விட்டால் காற்று குழாய் வளைவுகளில் சிக்கிக்கொள்ளும். இப்போது வரிசை தலைகீழ்: கீழ்த்தள ரேடியேட்டர்களின் காற்றை முதலில் எடுத்து, பிறகு மாடிக்குப் போங்கள். மூடிய அமைப்பில் ஒவ்வொன்றின் காற்றையும் எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும், மறுபடி ஏற்ற வேண்டும். கடைசியில் 1 முதல் 1.5 பாரில் நிறுத்தி, ஃபில்லிங் லூப்பை மூடிக் கழற்றிவிடுங்கள்.

பாய்லரைப் போடுமுன் நீங்கள் தொட்ட ஒவ்வொரு நட்டையும் காய்ந்த டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். ஈரம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காகிதத்தில் தெரியும். மோட்டார் வால்வுகளின் நெம்பைத் தானியங்கி நிலைக்குத் திருப்பி, லாக்‌ஷீல்டுகளை எழுதிவைத்த சுற்றுக்குக் கொண்டுவந்து, பிறகு மின்சாரம் கொடுங்கள். சூடானதும் நட்டுகளை இன்னொருமுறை பாருங்கள். பிறகு அணைத்து, ஆறியதும் காற்றை எடுத்து, அழுத்தத்தைச் சரிசெய்யுங்கள். புதுத் தண்ணீரில் கரைந்த காற்று முதல் சில நாட்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும், எனவே மேல்மாடி ரேடியேட்டரின் தலைப்பக்கம் குளிர்ந்திருந்தால் மறுபடி பிளீட் செய்ய வேண்டியிருக்கும். காற்றெல்லாம் போன பிறகும் கேஜ் தினமும் இறங்கிக்கொண்டே இருந்தால், எங்கோ ஒரு இணைப்பு கசிகிறது.